செதில் தூசி

திருமணமாகி மூன்றாவது மாதம் ஹைதராபாத்துக்கு வந்தேன். கணவருக்கு ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் வேலை. எனக்கு ஊருக்கு வெளியே இருந்த ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியல் பிரிவில் வேலை கிடைத்தது. பருத்திக்காய்க்குள் புகுந்து விதையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுதான் என் பொறுப்பு. கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவள் என்பதால் அந்தப் புழுவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பூச்சி வளர்ப்புக் கூடத்தை நடத்திக்கொண்டிருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண். மூன்று தலைமுறையாக மாரெட்பள்ளியில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் கொண்டாப்பூரில் ஐ.டி. வேலையில் இருந்தாள். பதவிப்படி நான் அதிகாரி, அவர் ஒப்பந்தத்தில் இருக்கும் உதவியாளர். ஆண்டுதோறும் மார்ச் மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதத்தில் நான்தான் கையெழுத்துப் போடுவேன். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். ஆமாம் என்றால் "ஹவ்", வேண்டாம் என்றால் "நக்கோ". மற்றபடி எங்கள் பக்கத்துத் தமிழைவிட அவர் தமிழ் சுத்தமாகவே இருக்கும்.

கூடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் வயலிலிருந்து கொண்டுவந்த, புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே தயாரிக்கும் பி.டி. பருத்தியைத் தின்றும் சாகாத புழுக்களின் வம்சம். இன்னொன்றில் அந்த நஞ்சையே பார்த்திராத வம்சம். பி.டி. பருத்தி வயல்களை நிரப்புவதற்கு முன்பே பிடித்து, பரிசோதனைக் கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாகச் செயற்கை உணவில் வளர்த்து வந்தவை. எதிர்ப்பில்லாத இனம் என்று ஏட்டில் எழுதுவோம். அக்கா அவற்றைப் "பச்சப்புள்ளைங்க" என்பார்.

அந்தப் பச்சப்புள்ளைகள் இல்லாமல் எங்கள் வேலையே இல்லை. ஒரு வயலின் புழுவுக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்கிறது என்று அளக்க வேண்டுமானால், எதிர்ப்பே இல்லாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரே நஞ்சைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இது ஏழு நாளில் செத்தது, அது சாகவில்லை என்று சொல்லலாம். ஒப்பிட ஒன்றும் இல்லை என்றால் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

காலை எட்டரைக்கு அக்கா கடலை மாவு, கோதுமை முளை, ஈஸ்ட், அகர் எல்லாம் சேர்த்துப் புழுக்களின் உணவைக் காய்ச்சிக் குழித்தட்டுகளில் ஊற்றுவார். முட்டையிலிருந்து வந்த புழு முடியின் நுனியைவிடச் சின்னது. அதை ஒற்றை மயிர்த் தூரிகையால் தொட்டு எடுத்து, ஒவ்வொன்றாகக் குழித்தட்டில் வைப்பார். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு. என் கையில் பத்துக்கு மூன்று செத்துப்போகும். அவர் கையில் எதுவும் சாகாது. வளர்ந்து கூட்டுப்புழுவானதும் பொறுக்கிக் கூண்டில் போட்டால் அந்துப்பூச்சிகள் வெளிவரும், இணைசேரும், கூண்டின் மேல் வைத்த காகிதத்தில் முட்டையிடும். பிறகு செத்துவிழும்.

அந்துப்பூச்சியின் சிறகு முழுக்கச் செதில்கள்தான். விரலால் தொட்டால் சாம்பல் மாதிரி ஒட்டும். நூற்றுக்கணக்கான பூச்சிகள் மூடிய அறையில் படபடத்தால் அந்தச் செதில்கள் காற்றில் எழும்பும், லேசில் இறங்காது. கூண்டு சுத்தம் செய்யும் நாளில் குழல்விளக்கு வெளிச்சத்தில் அது மிதப்பதைப் பார்க்கலாம். மேசையில், கதவுக் கைப்பிடியில், அக்காவின் மூக்குக்கண்ணாடியில் எல்லாம் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். ஈரப்பதம் குறையக் கூடாது என்பதால் ஜன்னல் கிடையாது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரம் கேட்டு நான் எழுதிய கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை எழுதவில்லை. துணி முகக்கவசம் இருந்தது. அதைப் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து புழு தெரியவில்லை என்று அக்கா கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொள்வார். நானும் பார்த்தும் பாராததுபோல் போவேன்.

ஒவ்வொரு அக்டோபரிலும் வயல்களுக்குப் போய்ப் பச்சைக் காய்கள் பறித்து வருவேன். ஒரு வருடம் நல்கொண்டா பக்கம் ஒரு விவசாயியின் வயலில் வரப்பிலேயே உட்கார்ந்து காய்களைப் பிளந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் காயில் ஒரு குறையும் இல்லை. உள்ளே பத்தில் ஏழில் புழு. பஞ்சு மஞ்சள் கறையோடு ஒட்டிக்கிடந்தது. அந்த மனிதர் ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெலுங்கில் கேட்டார்.

"இது சாகும்னுதானம்மா இந்த விதையை வித்தாங்க?"

எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சை இந்தச் செடியே தயாரிக்கிறது. புழு தின்றதும் அந்த நஞ்சு குடலின் சுவரில் ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். ஆனால் பிறவியிலேயே அந்த ஒட்டும் இடம் கோணலாக அமைந்த புழு எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். அதற்கு நஞ்சு ஒட்டாது, அது பிழைக்கும். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அந்தக் கோணல் வந்தால்தான் பிழைக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை செத்துவிடும். அதனால்தான் விதைப் பையோடு சாதாரணப் பருத்தி விதை ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார்கள். அதை வயலைச் சுற்றி விதைத்தால் நஞ்சு தெரியாத பூச்சிகள் அங்கே நிறைய வளரும். பிழைத்த ஒன்றிரண்டும் அவற்றோடு சேரும். பிள்ளைகள் சாகும்.

அவர் யோசித்தார். "அந்தப் பொட்டலமா? அது வெறும் விதைன்னு கடைக்காரனே சொன்னான். மாட்டுக்குப் போட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அந்த வருடம்தான் அக்காவின் இருமலை முதலில் கவனித்தேன். வறட்டு இருமல். பகலில் இல்லை, வேலை முடிகிற நேரத்தில் ஆரம்பிக்கும். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வரும்போது ஒன்றும் இருக்காது. "கர்த்தர் ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு குடுக்கறார்" என்று அவரே சிரித்தார். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் விடுப்பில் இருந்தபோது இருமலே வரவில்லையாம். ஜனவரியில் திரும்பி வந்த அன்றைக்கே வந்துவிட்டது.

நான் பூச்சியியல் படித்தவள். அந்துப்பூச்சி வளர்க்கிறவர்களுக்குச் செதிலால் நுரையீரல் கெடும் என்பது எங்கள் துறையில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைக் கேட்ட அன்றே எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த வாரம் வயல் புழுக்களின் சோதனை நடந்துகொண்டிருந்தது, அடுத்த வாரமும் நடந்தது. தூரிகை பிடிக்க வேறு ஆள் இல்லை.

மார்ச்சில் அவரை ஸ்கூட்டரில் ஏற்றி மாரெட்பள்ளியில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாடிப்படி ஏற இரண்டு இடத்தில் நின்றார். டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"என்ன வேலை பார்க்கிறீங்க? தூசி, புகை, மாவு மில், அந்த மாதிரி ஏதாவது?"

அக்கா சொன்னார்: "ஆபீஸ் வேலை, டாக்டர். ஃபைல், டீ, அதான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மடியிலிருந்த ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நாலைந்து நொடி இருக்கும். டாக்டர் ஆஸ்துமா என்று எழுதி ஒரு இன்ஹேலர் கொடுத்தார்.

வெளியே வந்து மருந்துக் கடை முன்னால் நின்றபோது கேட்டேன், "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"தூசின்னா அந்த வேலைக்குப் போகக் கூடாதும்பாரு. அப்புறம் எனக்கு அங்க வேற என்ன வேலை இருக்கு? நீங்க ரெண்டு மாசம் பாப்பீங்க, அப்புறம் காண்ட்ராக்டை நிறுத்தச் சொல்லி மேலேர்ந்து கடுதாசி வரும். நக்கோ மேடம். நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், "பச்சப்புள்ளைங்கள யார் பாப்பாங்க?"

அந்தக் கேள்வி எனக்கு வசதியாக இருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அந்த வாரம் ஒப்பந்தக் காகிதத்தில், இந்த ஊழியர் பணிக்குத் தகுதியானவர் என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஹேலரோடு இன்னும் ஒன்றரை வருடம் வேலை செய்தார். உடம்பு இளைத்தது. விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கவிழ்ந்த கரண்டி மாதிரி ஆயின. தூரிகை பிடிக்கும்போது அவை என் கண்ணில் படும், நான் தட்டை எண்ணப் போய்விடுவேன். கூண்டு சுத்தம் செய்யும் வேலையையாவது நான் எடுத்துக்கொண்டிருக்கலாம். சில நாள் செய்தேன். கூட்டம், அறிக்கை என்று பல நாள் செய்யவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நிலையத்தின் வாசலுக்கு நடக்கும்போது விழுந்துவிட்டார். காவலாளி கூப்பிட்டு நான் ஓடினேன். உதடு நீலமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

கொண்டாப்பூரிலிருந்து மகள் வந்தாள். தமிழ் புரியும், ஆனால் பாதி ஆங்கிலம் கலந்துதான் பேசுவாள். நுரையீரல் மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, கீழ்ப்பகுதியைக் காட்டினார். தேனடை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. நுரையீரல் தழும்பு பிடித்துக் கெட்டியாகிவிட்டது, இது திரும்பாது என்றார். அதே கேள்வியை அவரும் கேட்டார், என்ன வேலை?

இந்தத் தடவை நான் சொன்னேன். அந்துப்பூச்சி, செதில், ஜன்னல் இல்லாத அறை.

"இருமல் எப்போ ஆரம்பிச்சுது?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஞாயிற்றுக்கிழமை குறையும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது அப்பவே தெரிஞ்சு அந்த அறையிலேர்ந்து இவங்களை வெளியே எடுத்திருந்தாலே போதும். பெரும்பாலும் அதுவே மருந்து."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் போன பிறகு கேட்டாள். "ஆன்ட்டி, முன்னாடி இன்ஹேலர் குடுத்த டாக்டர்கிட்ட அம்மாவைக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே?"

"ஆமா."

"அப்போ இதைச் சொன்னீங்களா?"

"சொல்லல."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் இரண்டு அறைகளையும் நான் ஒருத்தியே பார்த்தேன். எங்களுக்கு ஒரு விதி உண்டு, எழுதி ஒட்டியதல்ல, அக்கா வைத்தது. முதலில் பச்சப்புள்ளைகள் அறை, பிறகுதான் மற்றது. அங்கே போனால் அன்றைக்கு இங்கே திரும்பக் கூடாது. தட்டு, தூரிகை, கூண்டு எதுவும் மாறக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் இரண்டு அறைகளின் கூட்டுப்புழுக் கிண்ணங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பொறுக்கினேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா வீடு திரும்பினார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் கொண்டாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சனிக்கிழமைதோறும் நான் போவேன். மகள் கதவைத் திறந்துவிட்டுத் தன் லேப்டாப்புக்குத் திரும்பிவிடுவாள். அக்கா முதலில் கேட்பது அதைத்தான்.

"பச்சப்புள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க அக்கா. எல்லாம் செத்துட்டாங்க" என்பேன். சோதனையில் நஞ்சு வைத்த தட்டில் அத்தனையும் செத்தன என்று அர்த்தம். அக்கா சிரிப்பார். அது பொய்யில்லை, அந்த மாதச் சோதனையில் எல்லாம்தான் செத்திருந்தன.

அதற்கு அடுத்த தலைமுறையின் சோதனையில் ஏழாம் நாள் மூடியைத் திறந்தபோது, இரண்டு குழிகளில் புழு தின்றுகொண்டிருந்தது. கொழுத்து, இளஞ்சிவப்பாக. உணவில் நஞ்சு சரியாகக் கலக்கவில்லை போல என்று மறுபடி செய்தேன். இந்த முறை மூன்று.

பழைய நோட்டை எடுத்துத் தேதிகளைப் பின்னோக்கிப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குப் பச்சப்புள்ளைகளின் கூண்டில் போட்ட கூட்டுப்புழு, அவற்றின் கிண்ணத்திலிருந்து எடுத்ததைவிடப் பதினொன்று கூடுதல் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு எண்களையும் எழுதியிருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வயல் வம்சத்தின் பதினோரு பூச்சிகள் இவற்றோடு சேர்ந்திருக்கின்றன. முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கோணல் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்ததால் அவையும் செத்தன, நான் நிம்மதியாக இருந்தேன். வம்சத்தைத் தொடர நஞ்சு காட்டாமல் வைத்திருந்த அவற்றின் உடன்பிறப்புகளில் அந்தக் கோணல் ஒளிந்திருந்தது. அவை தங்களுக்குள் சேர்ந்தபோது, இருபுறமிருந்தும் அதை வாங்கிய பிள்ளைகள் பிறந்தன. நல்கொண்டா விவசாயிக்கு நான் வரப்பில் உட்கார்ந்து சொன்ன அதே கணக்கு.

ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியின் பிள்ளைகளையும் தனியாகச் சோதித்துச் சுத்தமானதை மீட்கப் பார்த்தேன். நான்கு மாதம். சுத்தமாகத் தெரிந்த குடும்பங்கள் சிறியவை, மெலிந்தவை. ஒவ்வொன்றாக முட்டையிடுவதை நிறுத்தின. வயலிலிருந்து புதிதாக எடுக்கலாம் என்றால், நாங்கள் போன வயல் எதிலும் நஞ்சுக்குச் சாகும் வம்சம் மிச்சமில்லை. கடைசிக் கூண்டை நான்தான் கொதிநீரில் போட்டேன்.

அந்த நான்கு மாதமும் சனிக்கிழமைகளில் "எல்லாம் செத்துட்டாங்க" என்றுதான் சொன்னேன். முடிந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டிலுக்கு அருகில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். மூக்கில் குழாய்.

"எப்படி கலந்துச்சு?"

"பொறுக்கும்போது நான் கிண்ணம் மாத்திப் போட்டுட்டேன்."

"ஒரே மேசையிலயா வச்சீங்க?"

"ஆமாக்கா."

என்னைச் சமாதானப்படுத்துவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படி ஆறுதல் சொல்லுகிற பெண்மணிதான் அவர். ஆனால் கண்ணைத் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்துச் சொன்னார்.

"அதுங்களுக்காகத்தான் அந்த டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன். நீங்களும் அதுக்குத்தான் சும்மா இருந்தீங்க. ரெண்டு பேரும் சேந்து காப்பாத்துனத... நீங்க ஒரு மேசையில..." நிறுத்தினார். "இனிமே வராதீங்க மேடம். நக்கோ."

மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் திருப்பினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு போகவில்லை. இரண்டு முறை தெருமுனைவரை போய்த் திரும்பினேன். ஜூலை மழையில் சளி பிடித்து, நான்கே நாளில் அக்கா இறந்துபோனார். கூட வேலை செய்த ஒருவர் போனில் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்றேன். ஜெபம் முடிந்து எல்லோரும் கலையும்போது மகள் என்னிடம் வந்தாள்.

"அந்த ரூம்ல இப்போ யார் வேலை பாக்கறாங்க?"

நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் வயல் வம்சத்தின் அறை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏப்ரலில் ஒரு புதுப் பெண்ணைச் சேர்த்திருந்தோம். தெலுங்குப் பெண், கல்யாணமாகி ஒரு குழந்தை. சொன்னேன்.

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுங்க" என்றாள்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு மேலிடத்துக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை குறைந்த இருமல், டாக்டரிடம் நான் வாய் திறக்காதது, தகுதியானவர் என்று போட்ட கையெழுத்து, எல்லாம் அதில் இருந்தது. காற்று வெளியேற்றும் இயந்திரம் வரும்வரை அந்த அறையில் யாரையும் வைக்க முடியாது என்றும் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கூடம் மூடப்படுகிறது, எனக்கு ஆவணப் பிரிவுக்கு மாற்றம், அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது.

கடைசி நாளன்று அவள் என் மேசைக்கு வந்தாள். இருமலா, எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையே என்றாள் தெலுங்கில். உன்னை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்தில் கேட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

"யார் உங்களைக் கேட்கச் சொன்னது?" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணப் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது. ஜன்னல்கள் பெரியவை. இந்த அக்டோபரில் வயல்களிலிருந்து யாரும் காய் பறித்து வரவில்லை.